தோணிமுதல் வாங்க மறுத்த பொன்

கடல் வாழ்க, கடல்மேல் சென்ற தோணிகள் வாழ்க, அவை திரும்பும் வரை கரையில் கண் வைத்திருக்கும் குடிகள் வாழ்க.

பவழமுனை நாட்டை ஆள்பவரும், அலைவாய்க் கோட்டையின் காவலரும், குடிகளால் கரைவேந்தர் என்று அன்போடு அழைக்கப்படுபவருமான நெடுங்கடற் பரிதியார் திருவாய் மலர்ந்தருள, அவருடைய ஓலைநாயகம் கீரன் தத்தன் எழுத்தாணி பிடித்து எழுதிய ஓலை இது. குன்றவூர் நாட்டின் அதிபரும், மாங்கணவாயின் கதவைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை பெற்றவரும், மதங்கொண்ட களிற்றை ஒரு சொல்லால் அடக்குபவருமான அடுகளிற்று வல்லரையர் திருமுன் இவ்வோலை பணிந்து நிற்கிறது. தங்கள் மலைகளில் மழை தவறாதிருக்கட்டும். தங்கள் தினைப்புனங்களில் கதிர் நிறைந்தும் கிளி குறைந்தும் இருக்கட்டும். எங்கள் மன்னரின் தமக்கையாரும் தங்கள் பட்டத்தரசியுமான பூங்குழைத் தேவியார் தங்கள் இடப்பக்கம் நெடுங்காலம் வீற்றிருக்கட்டும்.

முதற்கண் அறிவிக்க வேண்டியது இது. மைத்துனப் பெருமானார் எங்கள் தோணிமுதலில் இடுமாறு யானைமேல் ஏற்றி அனுப்பிய பொற்பேழைகள் அனைத்தும், கட்டிய கயிறு அவிழாமலும் இட்ட முத்திரை உடையாமலும், இவ்வோலையோடு திரும்பி வருகின்றன. யானைகளும் நலம், இங்கே தின்ற கரும்பினால் சற்றே பருத்திருக்கின்றன. பேழைகளைக் கண்டவுடன் தங்களுக்குச் சினம் வரும் என்பதை எங்கள் மன்னர் அறிவார். ஆகவே இவ்வோலையை இறுதிவரை கேட்டு முடிக்கும் வரையில், கணவாய்க் கதவின் தாழ்ப்பாள்மேல் யாரும் கை வைக்க வேண்டாம் என்று உறவின் உரிமையால் கேட்டுக்கொள்கிறார்.

பொன்னை மறுத்தவள் தோணிமுதலின் காப்பாளான கொற்றி நங்கை. மறுத்தது ஏன் என்பதைக் கூறுமுன், தோணிமுதல் என்பது யாது என்பதைக் கூறியாக வேண்டும். தங்கள் தூதர் தண்டநாயகர் வேழமுடியார் அதனை அரசரின் கருவூலம் என்றே கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தார்.

அது அரசருடையது அன்று. பவழமுனைக்குக் கிழக்கே சில்லித்தீவுகள் என்று பெயர் பெற்ற சிறு தீவுகள் சில உண்டு. நம் இரு நாட்டவரும் உயிரினும் மேலாக விரும்பும் நறுங்கிராம்பு அங்கேதான் விளைகிறது. அங்கே ஒரு தோணியை அனுப்ப, உப்புக் கொத்தும் பெண் ஒருத்தியால் ஆகுமா, வலை பின்னுபவன் ஒருவனால் ஆகுமா? ஆகாது. ஆனால் அவளும் அவனும் அண்டை வீட்டாரும் ஆளுக்கு ஒரு கை பொன்னோ காசோ போட்டுச் சேர்த்தால் தோணிகள் போகும். போன தோணிகள் கிராம்போடு வரும். வந்ததை இட்டவர் எல்லாரும் இட்ட அளவுக்குப் பங்கிட்டுக்கொள்வர். அவரவர் பங்கைத் தங்கள் நாட்டு வணிகர் கணவாய் வழியே வந்து வாங்கிச் செல்வர். இதுவே தோணிமுதல். எந்தத் தீவுக்கு எந்தத் தோணி, எவ்வளவு பொன், எந்தக் காற்றில் என்று முடிவு செய்வது கொற்றியின் வேலை.

கொற்றியைப் பற்றியும் ஒரு சொல். தோணி செலுத்தியவன் மகள். பாவாடை கட்டிய வயதிலேயே தந்தையோடு தீவுகளுக்குப் போய்வந்தவள். தீவார் மொழியில் சண்டையும் போடுவாள், தாலாட்டும் பாடுவாள். அவள் சிரித்தால் துறைமுகத்தின் மறுகோடியில் இருப்பவரும் என்ன என்று தெரியாமலே சிரிப்பர். அவளுக்குக் கோபம் வந்தால் சொற்கள் தீவு மொழியில் வரும். அவற்றின் பொருள் தெரியாதிருப்பது கேட்பவர் செய்த புண்ணியம். இடுப்பில் தோணிமுதலின் சாவிக்கொத்து எப்போதும் தொங்கும். அது ஓசைப்படும்போது கணக்கர்கள் நிமிர்ந்து உட்காருவர். இவ்வோலை எழுதுவானும் அப்படி நிமிர்ந்தவர்களுள் ஒருவனே.

இனி, எங்கள் குடிகள் கிளியாண்டு என்று பெயரிட்ட ஆண்டின் கதை.

எங்கள் கரையில் வழிவழியாக ஒரு வழக்கம் உண்டு. மூடிய தட்டோடு வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை. பகைவனாயினும் தட்டை வாங்கி உள்ளே வைத்த பிறகே பகையைப் பேசுவோம். தோணிமுதல் தொடர்ந்து நல்ல பங்கு தந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ஒரு பருவத்தில் நாடே தட்டும் கையுமாகத் திரண்டு வந்துவிட்டது. எருதை விற்றவன் வந்தான். காதணியை அடகு வைத்தவள் வந்தாள். கோயில் தருமகர்த்தா மேளத்தோடு வந்தார். கொற்றியோ ஒரு தட்டையும் திருப்பவில்லை. திருப்பும் வழக்கம்தான் இல்லையே! அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன்னை நம்பி ஒரு நாடே வந்திருக்கிறது என்ற பூரிப்பில், தீவுகளில் மரம் எத்தனை இருக்கிறது என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. மற்றெவர் எண்ணாவிட்டாலும் அவள் எண்ணியிருக்க வேண்டும்.

தோணிகள் பேழை பேழையாகப் பொன் சுமந்து போயின. தீவிலோ மரங்கள் பழைய மரங்கள்தாம். பொன் கூடியதால் ஒரு மொட்டும் கூடுதலாக அரும்பவில்லை. முற்றிய மொட்டுகளைத் தீவார் முதலில் பழைய விலைக்கே தந்தனர். பிறகு பேழைகளைப் பார்த்தனர், விலை ஏறியது. பிறகும் பேழைகள் தீரவில்லை. பிஞ்சையும் உருவிப் போட்டனர். அப்போதும் பொன் மிஞ்சியது. எங்கள் தோணிக்காரர்களுக்கோ, இட்டவர் பொன்னை அப்படியே திருப்பிக் கொண்டுபோனால் கரையில் கைகொட்டிச் சிரிப்பார்களே என்ற வெட்கம். என்ன வாங்குவது என்று தெரியாமல், கண்ணில் பட்டதை வாங்கினர். கண்ணில் பட்டவை கிளிகள்.

பச்சைக் கிளி, சிவப்புக் கிளி, மூக்கு வளைந்த கிளி, மொட்டைக் கிளி என்று தோணி தோணியாகக் கிளிகள் வந்திறங்கின. தீவாரிடம் பேரம் நடந்த நாளெல்லாம் அவை கூண்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தனவாதலால், அவற்றுக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று: "போதாது." பங்கு பிரித்த நாளில், உருவிய பிஞ்சுக் கிராம்பில் ஆளுக்கு ஒரு சிட்டிகையும், இரு வீட்டாருக்கு ஒரு கிளியும் கிடைத்தன. விடிந்தால் ஊரெங்கும் "போதாது". பெண்டிர் சோறு பரிமாறினால் "போதாது". மணமகன் தாலி கட்டினால் "போதாது". எங்கள் அரசவைக்கும் ஒரு கிளி வந்து சேர்ந்தது. வரி பற்றிக் கருவூலம் காக்கும் பண்டாரத்தலைவர் வாய் திறக்கும்போதெல்லாம் அது தவறாமல் பேசுவதைத் தங்கள் தூதரே கேட்டிருக்கிறார். நாடு சிரித்துச் சிரித்து அந்த ஆண்டைக் கடந்தது. ஆனால் உருவப்பட்ட மரங்கள் அடுத்த ஆண்டும் சரியாக அரும்பவில்லை.

கொற்றி மட்டும் சிரிக்கவில்லை. உப்பளத்தில் மாச்சி என்று ஒருத்தி இருக்கிறாள். தோணிமுதல் தொடங்கிய நாளில் முதற்காசை இட்டவள் அவளே. மகளுக்கு மணம் பேசி வைத்திருந்தவள், கையில் அரைக்கிளியோடு நின்றாள். மன்னிப்புக் கேட்கப் போன கொற்றியிடம் அவள் ஏசவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. "பெருசா ஒண்ணும் கேக்கலியேம்மா. போன வருசம் வந்தது இந்த வருசமும் வரும்னுதான் இருந்தேன்," என்று மட்டும் சொன்னாள். கொற்றி அந்த உப்புக் குவியலின்மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். புதிதாக வந்தவர் பொன்னையெல்லாம் ஆசையோடு வாங்கியபோது, முன்பே நம்பி இட்டவளின் பங்கைத் தான் எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாச்சியின் மகள் மணம் இரண்டு பருவம் தள்ளிப்போயிற்று.

அதன் பிறகு பிறந்தவையே தோணிமுதலின் கட்டுப்பாடுகள். ஒவ்வொருவரும் முழுநிலா தோறும் ஓர் உள்ளங்கை கொண்ட அளவே இடலாம். யாருடைய பொன்னோ அவர் பெயரிலேயே இட வேண்டும். வழக்கமோ மாறவில்லை: தட்டோடு வந்தவரை இன்றும் உள்ளே அழைத்து, தட்டை வாங்கி, ஓர் உள்ளங்கை எடுத்துக்கொண்டு, மோர் கொடுத்து, மிகுந்ததைத் தட்டிலேயே திருப்பித் தருகிறாள். ஓர் உள்ளங்கையில் கூடுதலாக இடும் ஆசையில் சிலர் கொட்டாப்புளி என்னும் மரச்சம்மட்டி போன்ற கையுடைய மாமன் மைத்துனரைக் கூட்டி வந்ததும் உண்டு. அதன்பின் கொற்றி தன் கையாலேயே அளக்கிறாள்.

தோணிகள் பாய் விரித்த நாள் முதல் திரும்பும் நாள் வரை, இடையில் முழுநிலா வந்தாலும், வாசலே மூடியிருக்க வேண்டும் என்பது, பட்டினவன் சேந்தன் என்ற வணிகனால் வந்த விதி. அவன் கெட்டிக்காரன். உயர்ந்த பனை ஒன்றின் உச்சியில் ஆளை ஏற்றி, தோணிகள் தாழ அமிழ்ந்து வருகின்றனவா, மிதந்து வருகின்றனவா என்று பார்க்கச் சொன்னான். தாழ வந்தால் சரக்கு நிறைவு என்று பொருள். உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பொன்னை இடுவான். தோணி கரை தொட்டதும் பங்கு வாங்குவான். மறுநாளே இட்டதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒரு நாளும் கடலில் நனையாத அவன் பொன், புயலில் நனைந்த பொன்னின் கூலியைத் தின்றது. கொற்றி அவனைத் திட்டியது தீவு மொழியில். ஆதலால் இங்கே எழுத இயலவில்லை. சேந்தன் அன்றே புரிந்துகொண்டான் என்பது மட்டும் உறுதி.

இக்கட்டுப்பாடு பிற நாட்டாரை விலக்குவதற்கோ, குறிப்பாக மைத்துனப் பெருமானாரை விலக்குவதற்கோ என்ற ஐயம் தங்களுக்கு எழலாம். அந்த ஐயத்தை நீக்கும் பொருட்டு, எங்கள் மன்னர் தம் வாயாலேயே எழுதச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. எழுத்தாணியை இருமுறை கீழே வைத்து, இதையுமா எழுதுவது என்று வினவினான் ஓலைநாயகம். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று மன்னர் நகைத்தார்.

சென்ற ஆண்டு மன்னருக்கே ஆசை வந்தது. அரண்மனைப் பொன்னில் ஒரு பேழையைத் தோணிமுதலுக்கு அனுப்பினார். அதில் ஓர் உள்ளங்கை போக மிகுதி மோரோடு திரும்பி வந்தது. அரசர் அல்லவா, விடுவாரா? அடுத்த முழுநிலாவில் அரண்மனை மடைப்பள்ளியார், குதிரைக்காரர், பல்லக்குத் தூக்கிகள், பாகர்கள் எல்லாரும் தத்தம் பெயரில் ஓர் உள்ளங்கைப் பொன்னோடு வரிசையில் நின்றனர். கொற்றி முதலில் மகிழ்ந்துபோனாள். பிறகு யானைப்பாகன் பூதனின் பொன்னை அள்ளியவள், அதை மூக்கருகே கொண்டுபோனாள். பூதன் கொடுக்கும் காசில் எப்போதும் யானைக் கொட்டில் மணக்கும். அன்று சந்தனம் மணத்தது. அரண்மனைக் கருவூலத்தில் பொன்னைச் சந்தனப் பெட்டியில் வைப்பது நாடறிந்தது. அடுத்தவர் பொன்னையும் மோந்தாள். அதற்கடுத்தவர் பொன்னையும் மோந்தாள். எல்லாம் ஒரே பெட்டி.

வரிசையை அப்படியே நிற்க வைத்துவிட்டு, அவள் நேரே அரண்மனைக்கு நடந்தாள். வழியெங்கும் சாவிக்கொத்து குலுங்கியது. மன்னர் திருமுன் நின்று வணங்கி அவள் சொன்னதை, சொன்னபடியே பதியுமாறு ஆணை.

"ராசா, நீங்க நூறு கையால குடுத்தாலும் அது ஒரு பெட்டிதான். தீவுல மரம் அதேதான். உங்க பங்கு பெருத்தா மாச்சி பங்கு மெலியும். மெலியட்டும்னு நீங்களே சொல்லுங்க, இப்பவே வாங்கிக்கிறேன்."

மன்னர் முதலில் சினந்தார். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே, கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை சிரிப்பதுபோலச் சிரித்துவிட்டார். பாகன் பூதனும் மற்றவரும் பொன்னைத் திருப்பிக் கொண்டுவந்தனர். அலைந்த அலைச்சலுக்கு அவர்களுக்கு நல்ல விருந்து கிடைத்தது. அன்று முதல் எங்கள் மன்னர் முழுநிலா தோறும் மாச்சிக்குப் பின்னால், மீன்கூடைக்காரிக்கு முன்னால், வரிசையில் நின்று ஓர் உள்ளங்கை இடுகிறார். அரசருக்கென்று வரிசையை விலக்க வேண்டாம் என்றும் ஆணையிட்டிருக்கிறார். வரிசையில் கேட்கும் ஊர்ப்பேச்சு ஒற்றர் சொல்வதைவிடத் தெளிவாக இருப்பதாகவும் கூறுகிறார்.

இந்நிலையில்தான் மைத்துனப் பெருமானாரின் யானைகள் எங்கள் கோட்டை வாயிலில் வந்து நின்றன. இவ்வாண்டு தீவுகளில் அரும்பு கொழித்திருக்கிறது என்ற செய்தி தங்கள் மலைக்கு எட்டியிருந்தது போலும். தோணிகளோ பாய் விரித்துக் கடலில் இருந்தன. தோணிமுதலின் வாசல் மூடியிருந்தது. தண்டநாயகர் வேழமுடியார் அவையில் எழுந்து, பேழைகள் ஏற்கப்படாவிடில் மாங்கணவாய் அடைக்கப்படும் என்றும், பவழமுனைக் கிராம்பில் ஒரு மொட்டும் மலையேறாது என்றும் தங்கள் சொல்லை அறிவித்தார். அவர் தம் கடமையை வழுவின்றிச் செய்தார். அவர்மேல் இங்கு எவருக்கும் வருத்தம் இல்லை.

அவை நடுங்கிற்று என்பதை மறைப்பானேன்? கணவாய் அடைபட்டால் கிராம்பை யாருக்கு விற்பது? குவித்து வைத்து நாமே மென்று தின்ன வேண்டியதுதான். பண்டாரத்தலைவர் நன்னனார் ஒரு வழி கூறினார். பேழைகளை வாங்கி உள்ளே வைப்போம். தோணியில்தான் ஏற்ற முடியாதே, பூட்டியே இருக்கட்டும். பங்கு பிரிக்கும்போது குன்றவூர் வேந்தருக்கும் பேழையளவுக்குப் பங்கு கொடுத்துவிடுவோம். அவரும் மகிழ்வார், கணவாயும் திறந்திருக்கும் என்றார். பலரும் தலையசைத்தனர். கேட்கச் செம்மையாகத்தான் இருந்தது.

கொற்றியை அழைத்தனர். அவள் வந்தபோது முகத்தில் வழக்கமான களை இல்லை. மறுத்தால் கணவாய் அடைபடும், அடைத்தவரைவிட மறுத்தவளைத்தான் ஊர் தூற்றும் என்பதை அவள் அறிவாள். ஏற்றால் மாச்சி முதலான ஆயிரமாயிரம் பேரின் பங்கு கரைந்துபோகும் என்பதையும் அறிவாள். இரண்டில் எதைச் செய்தாலும் பழி தன் தலையில்தான் என்று அவளுக்கு அச்சமாயிருந்தது. ஆயினும் நன்னனாரின் வழியைக் கேட்டபின் அவள் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பங்கை யார் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்றாள்.

"பெட்டிக்குள்ள தூங்குற பொன்னுக்கு, கடல்ல கெடந்து முழிக்கிற பொன்னோட கூலியைக் குடுக்கச் சொல்றீங்க. என் கையால அது நடக்காது," என்றாள் கொற்றி. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மன்னர் அடியில் வைத்தாள். "இந்தாங்க ராசா. நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

நன்னனார் தம் வழியை மீண்டும் விளக்கும் பொருட்டு, வந்திருக்கும் பொன் எவ்வளவு பெரிது என்று சொல்லத் தொடங்கினார். மூலையில் இருந்த கிளி, "போதாது," என்றது. முதலில் தண்டநாயகர் வேழமுடியாரே சிரித்துவிட்டார். பிறகு அவை முழுவதும் சிரித்தது. கண்ணில் நீரோடு நின்ற கொற்றியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியபின் மன்னர் அரியணையை விட்டு இறங்கி, சாவிக்கொத்தைத் தம் கையாலேயே எடுத்து அவளிடம் கொடுத்தார். ஒரு கிளியாண்டு போதும் என்றும், பேழைகள் ஒன்றும் குறையாமல் திரும்பட்டும் என்றும், தோணிமுதலின் வாசலை மூடும் உரிமை அரசருக்கு எதிராகவும் காப்பாளுக்கே உண்டு என்றும் அருளினார். கணவாய் குறித்துத் தம் மைத்துனரிடம் தாமே பேசிக்கொள்வதாகவும் கூறினார். இவ்வோலையே அந்தப் பேச்சு.

அவை கலைந்த சில நாட்களில் தோணிகள் வந்தன. ஆகா, அந்தக் காட்சியை எழுத எழுத்தாணிக்கும் ஆசை! பாய் கண்ணுக்குத் தெரியுமுன்னே மணம் வந்துவிட்டது. துறைமுகத்தில் நாய்கூடத் தும்மியது. தோணிகள் தாழ அமிழ்ந்து வந்தன. முற்றிய மொட்டு, நல்ல விலை, ஒரு கிளியும் இல்லை. மாச்சி தன் மருமகனைக் கூட்டி வந்து, பங்கைச் சுமக்க வைத்துக்கொண்டு போனாள். கொற்றியின் சிரிப்பு மறுகோடி வரை கேட்டது. இவ்வோலை எழுதுவானும் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தான். ஆனால் பங்கு பிரித்து முடிந்தபின், கணவாய் இருக்கும் திசையைப் பார்த்து அவள் சற்று நேரம் நின்றதையும் அவன் கண்டான்.

தங்களுக்குச் சொல்லுமாறு அவள் கேட்டுக்கொண்டதை இங்கே பதிகிறோம். "அவுக பொன்னு வேணாம்னு நான் சொல்லல. தீவு இம்புட்டுத்தான்னு சொன்னேன். அடுத்த முழுநிலாவுக்கு வரச் சொல்லுங்க, ராசாவுக்குப் பின்னால எடம் இருக்கு."

ஆகவே மைத்துனப் பெருமானார் தங்கள் பெயரில், முழுநிலா தோறும் ஓர் உள்ளங்கை இடலாம். பிற நாட்டவர் முதன்முறை இடும்போது நேரில் வர வேண்டும் என்பதால், தங்களைக் காணும் பேறும் எங்கள் கரைக்கு வாய்க்கும். எந்தக் கை அளக்கும் என்பது முன்பே கூறப்பட்டது.

இனி இறுதியான செய்தி. பங்கு பிரிக்கும் நாளில் பெயர்களை உரக்கப் படிப்பது வழக்கம். அன்று படிக்கப்பட்ட பழைய பெயர்களுள், கன்னியாயிருந்த காலத்தில் எங்கள் வரிசையில் நின்று, மணமாகி மலையேறிய பின்னும் முழுநிலா தோறும் உப்பு வண்டிக்காரர் வழியாகத் தம் சொந்தக் கைப்பொன்னைத் தவறாது அனுப்பிவரும் பூங்குழைத் தேவியாரின் பெயரும் ஒன்று. பேழைகள் தங்கள் கோட்டையை விட்டுப் புறப்பட்டபின் செய்தி அறிந்த தேவியார், வண்டிக்காரரிடம் கொற்றிக்குச் சொல்லி அனுப்பியது இது: "அவர் பொன்னை வாங்கிடாதே கொற்றி. வாங்கினால் என் பங்குதான் மெலியும். அவர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல். கேட்காவிட்டாலும் சொல்." இச்சொல் வந்து சேருமுன்பே அவையில் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, எனவே கொற்றி மறுத்தது தேவியாருக்காக அன்று. ஆயினும் மறுத்ததால் காக்கப்பட்ட பங்குகளுள் தேவியாருடையதும் ஒன்று. தங்கள் தாம்பூலத்தில் ஆண்டுதோறும் தாங்கள் மெச்சி மெல்லும் கிராம்பு, விலைக்கு வாங்கியது அன்று. அது அந்தப் பங்கு.

இவ்வாண்டுக்கான தேவியாரின் பொதி, பேழைகளுக்குப் பின்னே கடைசி யானைமேல் வருகிறது. அதனைத் தேவியார் கையில் அன்றி வேறெவர் கையிலும் கொடுக்கலாகாது என்று யானைத் தலைவனுக்கு ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளது.

கடலும் மலையும் உள்ளளவும் நம் உறவு தழைக்கட்டும். கரைவேந்தர் நெடுங்கடற் பரிதியாரின் நண்டு முத்திரை இதனுள் இடப்பட்டது. ஓலைநாயகம் கீரன் தத்தன் எழுத்து.

யானைத் தலைவனுக்கு இட்ட ஆணையின் எஞ்சிய பகுதி: மாங்கணவாய் திறந்திருந்தால் மேலே செல்க. அடைத்திருந்தால் பேழைகளையும் ஓலையையும் மட்டும் காவலரிடம் ஒப்படைத்து, பொதியோடு திரும்பி வருக. இவ்வாண்டு பொதி ஏன் வரவில்லை என்பதைத் தேவியாரிடம் குன்றவூர் வேந்தரே எடுத்துரைப்பார்.